வேடம் கட்டிய கனவான்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில இன்பியல் நாடகங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்பில், கனவான் என்ற பட்டத்தைப் பிறப்பிலேயே பெற்றவர்களைவிட, கனவானின் உடையைக் கடன் வாங்கி அணிந்தவர்களே அந்நாடகங்களில் கனவான்களாக நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த வரியை ஒட்டியும் வெட்டியும் வேலூரிலிருந்தும் பழைய வட ஆர்க்காட்டின் மற்ற ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 'பன்னிரண்டாம் இரவு' எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. ஆண் வேடத்தில் இருக்கும் வயோலா, தன்னை ஒரு கனவான் என்று ஒலிவியாவிடம் சொல்லிக்கொள்கிறாள். அது பொய்தானே? பொய் சொல்லும் ஒருத்தியைக் கனவானுக்கு எடுத்துக்காட்டாக நீங்கள் காட்டுவது எப்படிப் பொருந்தும்?
— கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: அந்தக் காட்சியில் யார் என்ன செய்கிறார்கள் என்பதை நிதானமாகப் பார்ப்போம். கப்பல் உடைந்து இல்லிரியா நாட்டுக் கரையில் ஒதுங்கிய வயோலா, ஆண் உடை அணிந்து, செசாரியோ என்ற பெயரில் கோமகன் ஓர்சினோவிடம் பணிக்குச் சேர்கிறாள். ஒலிவியா என்ற சீமாட்டியின்மீது அவன் கொண்ட காதலைச் சொல்லிவர அவளையே தூது அனுப்புகிறான். அவளோ அவனை உள்ளுக்குள் விரும்புகிறவள். அரைமனத்தோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினால் போதும், தூது தோற்றிருக்கும், அவளுக்கு ஆதாயமாகவும் முடிந்திருக்கும். அப்படி அவள் செய்யவில்லை. தன் ஆசைக்கு எதிரான வழக்கைத் தானே எடுத்துக்கொண்டு முழு மூச்சோடு வாதாடுகிறாள். உன் குலம் என்ன என்று ஒலிவியா கேட்கும்போது, இன்றைய நிலைக்கு மேற்பட்ட குலம், ஆனாலும் இன்றைய நிலையிலும் குறையில்லை, நான் ஒரு கனவான் என்கிறாள். ஒலிவியா பணப்பையை எடுத்து நீட்டும்போது, கூலிக்கு வந்த தூதுவன் நானல்லன், பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மறுத்துவிட்டுப் போகிறாள். அவள் போன பிறகு ஒலிவியா அந்தச் சொற்களைத் தனக்குத்தானே திருப்பிச் சொல்லிப் பார்த்து, பேச்சு, முகம், உடல், செயல், உள்ளம் என்ற ஐந்துமே உன் குலத்துக்குச் சாட்சி என்று முடிவுகட்டுகிறாள்.

இங்கே பொய்யாக இருப்பது உடையும் பெயரும் மட்டுமே. எசமானின் நம்பிக்கையைக் காப்பாற்றியதும், தன் நலனை ஒதுக்கி வைத்ததும், நீட்டிய காசை மறுத்ததும் உண்மையாக நடந்தவை. கனவான் என்பவனிடம் அந்தக் காலம் எதிர்பார்த்த நடத்தை இதுதான் என்றால், வயோலா சொன்னதில் பால் வேறுபாடு ஒன்றைத் தவிர வேறு குற்றம் காண முடியாது.

அவளுக்கு எதிரே ஷேக்ஸ்பியர் யாரை நிறுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். சர் ஆண்ட்ரூ 'நைட்' என்னும் வீரப்பட்டம் பெற்றவர், ஆண்டுக்கு மூவாயிரம் டுக்கட் வருமானம் உள்ளவர். மூன்று நான்கு மொழிகள் பேசுவார் என்று நண்பர் சர் டோபி அவரைப் புகழ்ந்து வைத்திருக்கிறார். ஆனால் பிரெஞ்சில் 'ஏன்' என்று யாராவது சொன்னால், செய் என்கிறாயா, செய்யாதே என்கிறாயா என்று கேட்கும் நிலையில் அவர் இருக்கிறார். வாள் வித்தையிலும் நடனத்திலும் கரடிச் சண்டை பார்ப்பதிலும் செலவிட்ட நேரத்தை மொழிகளில் செலவிட்டிருக்கலாமே என்று அவரே வருந்துகிறார். அவருடைய வீரப்பட்டம் போர்க்களத்தில் கிடைத்ததன்று, கம்பளத்தின்மேல் மண்டியிட்டுப் பெற்றது. இவரையும் வயோலாவையும் சர் டோபி வாட்போருக்கு மூட்டிவிடுகிறார். எதிராளி பெரிய கொலைகாரன் என்று இருவரிடமும் தனித்தனியே சொல்லி வைக்கிறார். இருவருமே நடுங்குகிறார்கள். வயோலா தான் ஆணல்லள் என்பதைச் சொல்லித் தப்பிவிடலாமா என்று தவிக்கிறாள். சர் ஆண்ட்ரூ தன் சாம்பல் நிறக் குதிரையையே கொடுத்துவிடுகிறேன், சண்டை வேண்டாம் என்று பேரம் பேசுகிறார். வாளைக் கையில் பிடித்தபடி அஞ்சி நிற்கும் இருவரில் ஒருவர் மட்டுமே சட்டப்படி வீரர்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாடகத்தின் கடைசியில் வயோலாவும் அவளுடைய இரட்டைச் சகோதரன் செபாஸ்டியனும் உயர்குடிப் பிறப்பினர் என்பது தெரிய வருகிறது. செபாஸ்டியனின் இரத்தம் உயர்ந்த இரத்தம்தான், கவலைப்படாதே என்று ஒலிவியாவிடம் ஓர்சினோ சொல்கிறான். நடத்தைதான் கனவானை ஆக்குகிறது என்று நாடகம் முழுவதும் காட்டிவிட்டு, முடிவில் பிறப்புச் சான்றிதழையும் ஷேக்ஸ்பியர் கையில் கொடுத்துவிடுகிறார். எனக்கு அதில் மனக்குறை உண்டு. தேர்வில் இதைப் பற்றி எழுதும்போது அந்த முடிவையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: பட்டு நெய்கிறவன் என்பதால் கேட்கிறேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் யார் என்ன துணி உடுத்தலாம் என்று சட்டம் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். அப்படியானால் மேடையில் நடிகர்கள் எப்படிப் பிரபுக்களின் உடையை உடுத்தினார்கள்?
— நெசவாளர், ஆரணி

பதில்: சட்டம் இருந்தது உண்மை. எலிசபெத் அரசி 1574-இல் வெளியிட்ட ஆணை, பொன்னிழைத் துணி, ஊதாப் பட்டு, வெல்வெட் ஆகியவற்றைப் பதவிக்கும் வருமானத்துக்கும் ஏற்பப் பங்கிட்டுச் சொன்னது. 1604-இல்தான் இத்தகைய சட்டங்கள் விலக்கப்பட்டன. உடை என்பது மானத்தோடு பின்னியது என்பதை வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டையில் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சிக்கு, புதிய தலைப்பாகையைத் திணித்ததும், நெற்றிக் குறியையும் தாடியையும் தடுத்ததும் முக்கியக் காரணங்கள்.

நடிகர்களின் நிலை விசித்திரமானது. 1572-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பிரபுவின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகத் திரியும் நடிகனை நாடோடி, போக்கிரி என்ற வகையில் சேர்த்தது. அதே நடிகன் பிற்பகலில் மேடையேறி அரசனாகவும் கோமகனாகவும் நின்றான். 1599-இல் லண்டனுக்கு வந்த சுவிட்சர்லாந்துப் பயணி தாமஸ் பிளாட்டர் இதற்கு ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். பிரபுக்கள் இறக்கும்போது தங்கள் சிறந்த உடைகளை வேலைக்காரர்களுக்கு விட்டுச் செல்கிறார்கள், வேலைக்காரர்கள் அவற்றை உடுத்துவது பொருந்தாது என்பதால் குறைந்த விலைக்கு நடிகர்களிடம் விற்றுவிடுகிறார்கள் என்கிறார் அவர். ஆக, மேடையில் பார்த்த பிரபுவின் அங்கி உண்மையான பிரபுவின் அங்கியாகவே இருந்திருக்கலாம். துணிக்கு இருந்த மதிப்பைச் சொல்ல இன்னொரு கணக்கும் உண்டு. 1603-இல் தாமஸ் ஹேவுட் எழுதிய ஒரு துன்பியல் நாடகத்துக்கு அரங்க முதலாளி ஹென்ஸ்லோ கொடுத்தது ஆறு பவுன். அதே நாடகத்தின் நாயகிக்கு வாங்கிய கறுப்பு வெல்வெட் கவுனின் விலை அதைவிடச் சற்று அதிகம்.

நீங்கள் நெசவாளர் என்பதால் ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 'அடங்காப் பிடாரியை அடக்குதல்' என்ற நாடகத்தில், லுசென்ஷியோ என்ற பணக்கார இளைஞன் ஒரு பெண்ணை நெருங்குவதற்காக வாத்தியார் வேடம் போட்டுக்கொள்கிறான். அவனுடைய இடத்தில், அவனுடைய உடையில், அவன் வேலைக்காரன் டிரானியோ கனவானாக உலவுகிறான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்ணின் தகப்பனோடு சீதனப் பேச்சை எசமானைவிடச் சாமர்த்தியமாக அவனே நடத்துகிறான். பிறகு லுசென்ஷியோவின் உண்மையான தகப்பனார் ஊரிலிருந்து வந்து சேர்கிறார். வேலைக்காரனின் பட்டுச் சட்டையையும் வெல்வெட் கால்சட்டையையும் சிவப்பு மேலங்கியையும் உயரத் தொப்பியையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, நான் ஊரில் சிக்கனமாக இருக்க, என் மகனும் வேலைக்காரனும் படிக்கப் போன இடத்தில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டார்களே என்று அலறுகிறார். டிரானியோவின் தகப்பன் பெர்காமோவில் கப்பல் பாய் தைப்பவன் என்று கூவிச் சொல்லியும் பயனில்லை. உடையை வைத்து ஆளை முடிவு செய்துவிட்ட ஊர், உண்மையான கனவானையே சிறைக்கு இழுத்துச் செல்லப் பார்க்கிறது. இந்த இரட்டை வேடக் கதை இத்தாலியில் அரியோஸ்டோ 1509-இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. 1566-இல் லண்டன் சட்ட மாணவர்கள் அதை ஆங்கிலத்தில் ஆடியிருக்கிறார்கள். அந்த வேலைக்காரனின் திறமைக்கு அந்நாடகம் எந்தப் பரிசும் கொடுக்கவில்லை. கடைசி விருந்தில் அவன் பழையபடி வேலைக்காரனாகவே நிற்கிறான்.

கேள்வி: எங்கள் குழுவில் நான் பெண் வேடம் கட்டுகிறவன். அங்கும் ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள் என்கிறீர்கள். விராட பர்வத்தில் வரும் பிருகன்னளை வேடத்தைப் போல அங்கு ஏதாவது உண்டா? எங்கள் கட்டியங்காரனைப் போல ஒருவன் உண்டா?
— தெருக்கூத்துக் கலைஞர், செய்யாறு

பதில்: இரண்டும் உண்டு, ஆனால் இரண்டும் வேறு மாதிரியானவை. லண்டன் பொது அரங்குகளில் 1660 வரையில் பெண் பாத்திரங்களைப் பையன்களே ஏற்றார்கள். 'உங்கள் விருப்பப்படி' நாடகத்தில் நாயகி ரோசலிண்ட் காட்டுக்குள் ஓடும்போது கானிமீட் என்ற இளைஞனாக வேடம் போடுகிறாள். அந்த இளைஞன், காதல் நோயைத் தீர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஓர்லாண்டோவுக்கு முன் ரோசலிண்டாக நடிக்கிறான். அதாவது ஒரு பையன் பெண்ணாகி, அந்தப் பெண் ஆணாகி, அந்த ஆண் மறுபடி பெண்ணாகி நிற்கிறான். விடிய விடிய ஆடும் உங்களுக்கு, இந்த நான்கு நிலையிலும் குரலும் நடையும் எப்படி மாற வேண்டும் என்பது என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆண் வேடம் போடுவதற்கு முன் ரோசலிண்ட் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். இடுப்பில் கத்தியும் கையில் ஈட்டியும் வைத்துக்கொண்டு வெளியே வீரத்தோற்றம் காட்டுவேன், உள்ளே பயம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், வெளித்தோற்றத்தாலேயே காலம் தள்ளும் கோழை ஆண்கள் எத்தனை பேர் இல்லை என்கிறாள். ஆண்மையும் பெரிய மனிதத்தனமும் பெரும்பாலும் உடுப்பும் தோரணையுமே என்பதை, அவற்றைப் போட்டுக்கொள்ளப் போகிறவளே முதலில் சொல்லிவிடுகிறாள். பிறகு இரத்தக் கறை படிந்த கைக்குட்டையைப் பார்த்ததும் மயங்கி விழுகிறாள். எழுந்து, மயங்கியதுபோல் நன்றாக நடித்தேன் அல்லவா என்கிறாள். அந்த ஒரு நொடியில் அவள் வேடம் கிழிந்துவிட, அதைத் தைக்க அவள் எடுத்ததும் வேடம் என்ற சொல்லையே.

விராட பர்வத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அந்தப்புரத்தில் உட்கார்ந்து, சாரதி ஒருவன் கிடைத்தால் கௌரவர் சேனையைத் தனியாகவே வெல்வேன் என்று பீற்றிக்கொள்ளும் உத்தரகுமாரன், சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். அவனைப் பிடித்து இழுத்து வருகிறவள் பிருகன்னளை. பட்டத்து இளவரசன் கோழை, ஆடல் கற்பிக்கும் பேடி மாவீரன். வேடத்துக்குப் பின்னே எப்போதும் வில்லேந்திய அர்ச்சுனன் இருக்கிறான் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும், அந்த வில் வெளிவரும் நேரத்துக்காகத்தான் அவர்கள் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வயோலாவின் வேடத்துக்கோ ரோசலிண்டின் வேடத்துக்கோ பின்னே வில் எதுவும் இல்லை. அவர்கள் உண்மையிலேயே அஞ்சுகிறார்கள். அஞ்சிக்கொண்டே மற்றவரிடம் பண்போடு நடக்கிறார்கள். வீரத்தையும் பண்பையும் பிரித்துக் காட்டியது அந்நாடகங்களின் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

கட்டியங்காரனுக்கு நெருங்கியவன் அதே நாடகத்தில் வரும் அரண்மனைக் கோமாளி டச்ஸ்டோன். நான் அரசவையில் இருந்தவன்தான் என்று நிரூபிக்க அவன் தரும் சான்றுகள் இவை: நடனம் ஆடியிருக்கிறேன், ஒரு சீமாட்டியைப் புகழ்ந்திருக்கிறேன், நண்பனிடம் தந்திரமாகவும் பகைவனிடம் இனிமையாகவும் நடந்திருக்கிறேன், மூன்று தையற்காரர்களை ஓட்டாண்டி ஆக்கியிருக்கிறேன், நான்கு முறை சண்டை இழுத்து ஒருமுறை கிட்டத்தட்ட வாளை உருவியிருக்கிறேன். தொடர்ந்து, கனவான்கள் ஒருவரையொருவர் பொய்யன் என்று சொல்வதற்கு ஏழு படிகள் உண்டு என்று வரிசையாக அடுக்குகிறான். 'அப்படியானால்' என்ற சொல்லை இடையில் சேர்த்துவிட்டால் ஏழாவது படியிலும் சண்டை இல்லாமல் தப்பலாம் என்கிறான். மானம் பற்றி அச்சிட்ட புத்தகங்களை வைத்துக்கொண்டு வாட்போர் நடத்திய அக்காலத்து இளைஞர்கள் அதே அரங்கில் உட்கார்ந்து இதைக் கேட்டார்கள்.

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் (காலணியின் மேற்பகுதி) தைக்கும் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறேன். காலணித் தொழிலாளர்களைப் பற்றி ஓர் ஆங்கில நாடகம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நம் நாட்டில் செருப்புத் தைப்பவனை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அங்கே அந்தத் தொழிலைக் கனவான் தொழில் என்று சொன்னார்கள் என்பதை நம்ப முடியவில்லை.
— வாசகர், ஆம்பூர்

பதில்: உங்கள் கடிதத்துக்குத்தான் விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அந்த நாடகம் தாமஸ் டெக்கர் 1599-இல் எழுதிய 'காலணித் தொழிலாளரின் விடுமுறைநாள்'. 1600-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் எலிசபெத் அரசியின் முன் ஆடப்பட்டது. தாமஸ் டெலோனியின் கதைத் தொகுதி ஒன்றிலிருந்து கதையை எடுத்துக்கொண்டார் டெக்கர். காலணித் தொழிலை அக்காலத்தில் மென்குடித் தொழில், அதாவது கனவானுக்குரிய தொழில், என்று சொன்னது உண்மையே. உயிருக்கு அஞ்சி ஓடிய இளவரசர்கள் கிறிஸ்பினும் கிறிஸ்பியானும் காலணி தைப்பவனிடம் வேலைக்காரர்களாக ஒளிந்திருந்தார்கள், அதனால் காலணி தைப்பவன் மகன் இளவரசன் என்று அந்தக் கதைகள் பெருமை பேசின. இதில் சிக்கல் இருக்கிறது. தொழிலுக்கு மதிப்பு வந்தது இளவரசர்கள் வந்து அந்தப் பலகையில் உட்கார்ந்ததால்தான் என்று ஆகிவிடுகிறது. தோலை அறுத்துத் தைத்தவனுக்கு அவன் கையால் வந்த மதிப்பாக அது இல்லை.

டெக்கரும் முதலில் அந்த வழியிலேயே போகிறார். லிங்கன் பிரபுவின் உறவினன் லேசி, லண்டன் மேயரின் மகள் ரோஸைக் காதலிக்கிறான். மேயருக்கு அரசவைக்காரன் மருமகனாக வருவது பிடிக்கவில்லை, பிரபுவுக்கு வியாபாரி மகள் மருமகளாக வருவது பிடிக்கவில்லை. லேசியைப் பிரான்சு நாட்டுப் போருக்குப் படைத்தலைவனாக அனுப்புகிறார்கள். அவன் போகாமல், ஹான்ஸ் என்ற டச்சுக்காரனாக வேடம் போட்டு, சைமன் அயர் என்பவருடைய பட்டறையில் வேலைக்குச் சேர்கிறான். முன்பு ஜெர்மனியில் கைக்காசைத் தொலைத்துவிட்டு வயிற்றுப்பாட்டுக்கு இதே தொழிலைக் கற்றவன் என்பதால் வேலை செய்தே காட்டுகிறான். கனவானின் வேடத்தைப் பையன்களும் வேலைக்காரர்களும் போடும் நாடகங்களுக்கு இடையில், கனவான் ஒருவன் தொழிலாளியின் வேடத்தைப் போட்டுத் தோலும் மெழுகு நூலும் பிடிப்பது இங்கே.

இப்போது இன்னொருவனைப் பாருங்கள். அயரின் பட்டறையில் வேலை செய்யும் ரால்ஃப், ஜேன் என்ற பெண்ணை அப்போதுதான் மணந்தவன். அவனைப் படைக்குப் பிடித்துவிடுகிறார்கள். அவனை விட்டுவிடுங்கள் என்று பட்டறையே சேர்ந்து மன்றாடுகிறது. அது என் கையில் இல்லை என்று மறுப்பவன் அதே லேசி. அடுத்தவனைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் காதலுக்காகத் தங்கிவிடுகிறான். விடைபெறும்போது ரால்ஃப் மனைவிக்குக் கொடுக்கும் பரிசு ஒரு ஜோடி காலணி. ஒரு தோழன் வெட்டி, இன்னொருவன் தைத்து, தையலின் ஓரம் மூட்டியதை இவன் செய்து, அவள் பெயரின் எழுத்துகளைத் துளையிட்டுப் பொறித்தது. ஒரு காலணியில் எத்தனை கைகள் படுகின்றன என்பதை மேடையில் இப்படிச் சொன்ன நாடகம் வேறு எனக்குத் தெரியவில்லை. உங்கள் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

ரால்ஃப் ஒரு கால் ஊனமாகித் திரும்பி வருகிறான். ஜேன் எங்கே போனாள் என்று தெரியவில்லை. ஹாமன் என்ற கனவான், உன் கணவன் போரில் இறந்துவிட்டான் என்று இறந்தோர் பட்டியலைக் காட்டி அவளை மணக்கச் சம்மதிக்க வைத்திருக்கிறான். மணப்பெண்ணுக்கு இதே அளவில் புதுக் காலணி வேண்டும் என்று ஒரு வேலைக்காரன் பட்டறைக்குக் கொண்டுவரும் பழைய காலணியைப் பார்த்ததும், அது தன் கைவேலை என்று ரால்ஃப் அடையாளம் கண்டுகொள்கிறான். திருமண நாளில் தோழர்கள் தடிகளோடு வழியை மறிக்கிறார்கள். ஜேன் தயங்காமல் கணவனின் பக்கம் வந்து நிற்கிறாள். இந்த ஏழை உடை அந்தச் செல்வத்தைவிட உன்னை அழகாக்குகிறது என்கிறாள். அப்போது ஹாமன் இருபது பவுன் பொன்னை எடுத்து நீட்டி, உன் மனைவியை எனக்கு விட்டுக்கொடு என்று கேட்கிறான். காசுக்காகத் தன் மனைவியையே கூட்டிக்கொடுக்கும் அளவுக்குக் காலணி தைப்பவன் இழிந்தவன் என்று நினைத்தாயா என்று ரால்ஃப் திருப்பிக் கேட்கிறான். ஹாமன் வெட்கி, செய்த தவறுக்கு ஈடாக அந்தப் பொன்னை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போகிறான்.

ரால்ஃபுக்கு வேடம் இல்லை. அவனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இளவரசனும் இல்லை. நாடகம் முடியும்போதும் அவன் அதே நொண்டிக் காலோடு, அதே பட்டறையில், அதே கூலியாளாக இருக்கிறான். இந்தக் காலத்து இன்பியல் நாடகங்கள் எல்லாவற்றிலும் கனவான் என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுள்ள ஒருவனைக் காட்டு என்றால், பிறப்புச் சான்றிதழ் எதுவும் கடைசிக் காட்சியில் வந்து காப்பாற்றாத இவனைத்தான் காட்டுவேன்.

ஆனால் பரிசு யாருக்குக் கிடைக்கிறது? போரை விட்டு ஓடிய லேசியை அரசன் மன்னித்து, மண்டியிடச் சொல்லி வீரப்பட்டம் கொடுத்து எழுப்புகிறான். காதல் குலத்தைப் பார்க்காது என்று அழகாகப் பேசவும் செய்கிறான். மேயராக உயர்ந்துவிட்ட அயர் ஊரில் உள்ள பயிற்சிப் பையன்களுக்கெல்லாம் விருந்து வைக்கிறார். அவர் கட்டிய மண்டபத்துக்கு லெடன்ஹால் என்று அரசன் பெயர் சூட்டி, வாரத்தில் திங்களும் வெள்ளியும் அங்கே தோல் சந்தை கூட அனுமதி தருகிறான். எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ரால்ஃபின் காலைப் பற்றி அரசன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. டெக்கர் இதை வேண்டுமென்றே செய்தார் என்றே நான் நம்புகிறேன், ஏனென்றால் போருக்குப் போனவனையும் போகாதவனையும் ஒரே பட்டறையில் ஒரே பலகையில் உட்கார வைத்தவர் அவரே.

கேள்வி: பணம் கொடுத்துப் பட்டம் வாங்கும் பழக்கம் அப்போதும் இருந்ததா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: தாராளமாக இருந்தது. உடலுழைப்பு இல்லாமல் வாழவும் கனவானுக்குரிய செலவைத் தாங்கவும் முடிந்தவன் பணம் கட்டிக் குலச்சின்னம் வாங்கிக் கனவானாகிவிடலாம் என்று வில்லியம் ஹாரிசன் 1577-இல் வெளிவந்த தம் நூலில் வெளிப்படையாகவே எழுதினார். முதலாம் ஜேம்ஸ் அரசர் 1603-இல் அரியணை ஏறிய சில மாதங்களில் 900 பேருக்கு மேல் வீரப்பட்டம் வழங்கினார். 1611-இல் பாரோனெட் என்ற புதுப் பட்டத்தை உண்டாக்கி 1,095 பவுனுக்கு விற்றார். 'கிழக்கு நோக்கி' என்ற நாடகத்தில் முப்பது பவுனுக்கு வீரப்பட்டம் வாங்கியவர்களைக் கேலி செய்ததும் ஸ்காட்லாந்துக்காரர்களைக் குத்திப் பேசியதும் 1605-இல் நாடக ஆசிரியர்கள் பென் ஜான்சனையும் சாப்மனையும் சிறைக்கு அனுப்பின.

ஷேக்ஸ்பியரின் தகப்பனார் கையுறை செய்தவர். அவருக்கு 1596-இல் குலச்சின்னம் கிடைத்தது. 'உரிமை இல்லாமல் அன்று' என்பது அதில் உள்ள வாசகம். 1599-இல் பென் ஜான்சன் தம் நாடகத்தில், முப்பது பவுனுக்குத் தலையில்லாப் பன்றி பொறித்த சின்னம் வாங்கும் சோலியார்டோ என்ற நாட்டுப்புறத்தானைக் கொண்டுவந்து, அவனுக்குக் 'கடுகு இல்லாமல் அன்று' என்ற வாசகத்தைச் சொல்ல வைக்கிறார். அது ஷேக்ஸ்பியரைக் குத்தியது என்று பலர் கருதுகிறார்கள். 1602-இல் குலச்சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரி ஒருவரே, தகுதியில்லாதவர்களுக்குச் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று புகார் எழுதி, அந்தப் பட்டியலில் நடிகன் ஷேக்ஸ்பியர் என்று குறித்தார். கனவான்தன்மையைப் பற்றி ஷேக்ஸ்பியர் எழுதியதெல்லாம், அந்தப் பட்டத்தைத் தாமே விரும்பிப் பெற்ற ஒருவர் எழுதியது என்பதை நாம் மறக்கக் கூடாது.

கேள்வி: மஞ்சள் காலுறை மாட்டிக்கொண்ட மல்வோலியோவைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவறா?
— வாசகி, இராணிப்பேட்டை

பதில்: தவறில்லை. 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் ஒலிவியாவின் வீட்டு நிர்வாகி மல்வோலியோ, எசமானி தன்னை விரும்புவதாக மரியா எழுதிய பொய்க் கடிதத்தை நம்பி, அதில் சொன்னபடி உடுத்திக்கொண்டு வருகிறான். அவன் இருட்டறையில் பைத்தியமாக அடைக்கப்படுகிறான். இந்தக் குறும்பு 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் சட்ட மாணவர்கள் முன் நடந்தது. பார்த்த ஜான் மானிங்காம் தம் நாட்குறிப்பில் இதை நல்ல தந்திரம் என்று பாராட்டினார். பார்த்தவர்கள் கனவான்களின் பிள்ளைகள், வீட்டு நிர்வாகி தங்களுக்குச் சமமாக உயர ஆசைப்பட்டதைக் கண்டு சிரித்தது இயல்பு. அவன் கர்வி, பிறர் மகிழ்ச்சியைப் பொறுக்காதவன் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவனைப் பழிவாங்கிய மரியாவும் அதே வீட்டில் ஊழியம் செய்பவள்தான், சர் டோபியை மணந்து உயர்ந்துவிடுகிறாள். அவளை யாரும் இருட்டறையில் அடைக்கவில்லை. உங்கள் அனைவரையும் பழிவாங்குவேன் என்று அவன் வெளியேறும்போது, அவனுக்குப் பெரும் தீங்கு செய்துவிட்டார்கள் என்று ஒலிவியாவே ஒப்புக்கொள்கிறாள்.

கேள்வி: கல்லூரி விழாவில் இத்தகைய நாடகத்திலிருந்து ஒரே ஒரு காட்சியைத் தமிழில் நடிக்க விரும்புகிறோம். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
— நாடகக் குழு மாணவர்கள், வேலூர்

பதில்: பம்மல் சம்பந்த முதலியாரின் வழியைப் பின்பற்றுங்கள். நடிப்பைத் தாழ்வாகக் கருதிய காலத்தில், 1891-இல் சென்னையில் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் அலுவலர்களும் மேடையேறினார்கள். ஷேக்ஸ்பியரை அவர் தமிழாக்கியபோது பெயர்களையும் ஊர்களையும் நம்முடையவையாகவே மாற்றிக்கொண்டார்.

காட்சி என்று கேட்டால், 'குளிர்காலக் கதை' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில் ஆட்டிடையனும் அவன் மகனும் அரசவை உடையில் வரும் சிறு பகுதியைச் சொல்வேன். அவன் எடுத்து வளர்த்த பெண் அரசகுமாரி என்று தெரிந்ததால் இருவரையும் கனவான்களாக்கிவிட்டார்கள். மகன், முன்பு தன்னை ஏமாற்றிய திருடன் ஆட்டோலிகஸைப் பார்த்து, நான் பிறவிக் கனவான், இந்த நான்கு மணி நேரமாக அப்படித்தான் இருக்கிறேன், என் தகப்பனுக்கு முன்பே நான் பிறவிக் கனவான் என்கிறான். அரச குடும்பத்தார் அழுதபோது தாங்களும் அழுததை, நாங்கள் சிந்திய முதல் கனவான் கண்ணீர் என்று சொல்கிறான். நண்பனுக்காகக் கனவான் பொய்ச் சத்தியமும் செய்யலாம் என்று புதுப் பதவியின் முதல் பாடத்தையும் கற்றுவிடுகிறான். ஆனாலும் தன்னைக் கொள்ளையடித்தவனை மன்னித்து, இளவரசனிடம் பரிந்து பேசுகிறேன் என்கிறான். நாம் இப்போது கனவான்கள், இரக்கத்தோடு நடக்க வேண்டும் என்று சொல்கிறவன் அந்தக் கிழவன்.

மூன்று பேர் போதும், பத்து நிமிடத்தில் முடியும். புத்தாடை உடம்பில் பொருந்தாமல் இருக்கட்டும், ஆனால் கிழவனாக நடிப்பவர் அந்த இரக்க வரியைச் சிரிப்புக்காகச் சொல்லக் கூடாது. முழு நம்பிக்கையோடு சொல்ல வேண்டும். மகனை மட்டும் கேலிப்பொருளாக்கி நடித்தால் காட்சி கெட்டுவிடும். ஒத்திகையின்போது முதல் நாளிலேயே இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.